மேனேஜருக்கு ஒரு மாத்திரை

என் எதிர்வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். முப்பத்திரண்டு வருஷமாக அதே வேலை. எத்தனையோ கட்டடங்களில் ஜனங்களை ஏற்றி இறக்கிய மனுஷன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிக் கிண்டல் செய்யாதவர்கள் எங்கள் கட்டடத்தில் கிடையாது. "டாக்டருக்கு ஜுரம் வராதா என்ன?" என்று சிரித்துக்கொண்டே படியேறிப் போய்விடுவார். ஊருக்கு அவர் லிஃப்ட்காரர், எனக்கு அண்ணன்.

நான் இரண்டு தெரு தள்ளி, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற கிளினிக்கில் வேலை செய்கிறேன். சீட்டு எழுதுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, டாக்டரம்மா ஊசி போடும்போது காலைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் பாடு. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில், வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காமல் இருந்தவர்கள் மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி.

அண்ணன் வேலை செய்வதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் கிளினிக்குக்கு எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அவர் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அவருடைய கூட்டாளி மொட்டைமாடியில், மெஷின் இருக்கும் அறையில். "தூக்கு" என்று இவர் குரல் கொடுப்பார். "தூக்கறேன்" என்று மேலேயிருந்து பதில் வந்த பிறகுதான் கூண்டு அசையும். "நிறுத்து." "நிறுத்தியாச்சு." இப்படியே ஒரு மணி நேரம். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"இதென்னண்ணே, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி?" என்று கேட்டேன்.

"பதில் வராம சுவிட்ச்ல கை வச்சா ஒரு ஆள் காலிம்மா. நான் செஞ்சது அவனுக்குத் தெரியணும், அவன் செய்யறது எனக்குத் தெரியணும். அவ்வளவுதான் தொழிலு" என்றார்.

இப்படிப் பேசிய மனுஷன் வீட்டில் பெண்டாட்டியோடு பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை.

அவர் பெண்டாட்டியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் கர்ட்டன் தைப்பவள். பெரிய பெரிய ஜன்னல்களுக்கு, ஓட்டல்களுக்கு என்று மூட்டை மூட்டையாகத் துணி வரும். நாள் முழுக்க அவள் மெஷின் சத்தம் என் வீட்டுச் சுவரில் கேட்டுக்கொண்டிருக்கும். அவளுடைய அப்பா செத்துப்போன அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு நின்றது. செய்தி காலையிலேயே வந்துவிட்டது. "நீங்க வந்ததும் கிளம்பலாம்" என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆட்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தது சாயங்காலம். இவர்கள் போவதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அவள் அழுதபோது, களைப்பிலோ எரிச்சலிலோ, இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னார்: "நாம முன்னாடியே வந்திருந்தா மட்டும் அவரு எழுந்து உட்கார்ந்திருப்பாரா?"

அவ்வளவுதான். அக்கா அன்றைக்கு வாயை மூடினவள். அவரும் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் வீம்பு வந்துவிட்டது.

ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் மேனேஜர். மேனேஜர் என்பது அவர்கள் வீட்டு நாய். பழுப்பு நிறம், இருபத்தெட்டு கிலோ. கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஒரு வெள்ளைப் பட்டை டை கட்டின மாதிரி இறங்கும், அதனால் அந்தப் பேர். பேச்சு நின்றபோது அவனுக்கு இரண்டு வயது.

"மேனேஜர், சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"மேனேஜர், வர்றேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"மேனேஜர், குழாய் ஒழுகுது. ஊரான் வீட்டு லிஃப்டை எல்லாம் பார்க்கறவருக்கு இது கண்ணுல படலையான்னு கேளு."

அவன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். வாலை ஒரு தட்டுத் தட்டுவான். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு கட்டத்தில் எனக்கே பற்றிக்கொண்டு வரும், இரண்டு பேரையும் உட்காரவைத்து நாலு கேள்வி கேட்கலாமா என்று. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நமக்கெதற்கு ஊர் வம்பு என்று இருந்துவிட்டேன்.

மேனேஜருக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் பின்னங்கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்தன. காலையில் எழுந்திருக்கும்போது முன்பக்கம் எழும், பின்பக்கம் வராது. ஒரு முனகல் முனகிவிட்டு, தரையில் நகம் கீற, இழுத்துக்கொண்டு நிற்பான். நாலு அடி வைத்ததும் சரியாகிவிடும். அண்ணன் தன் வேலையிடத்திலிருந்து லிஃப்ட் தரையில் ஒட்டுகிற ரப்பர் விரிப்பில் மிச்சம் மீதியைக் கொண்டுவந்து, கால் வழுக்காமல் இருக்க வீடு முழுக்க ஒட்டினார். அதைப் பார்த்த அக்கா, கர்ட்டன் துணியில் பஞ்சு அடைத்துக் கெட்டியாக ஒரு மெத்தை தைத்துப்போட்டாள். இவர் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு மரப்பெட்டிமேல் ஏற்றி வைத்தார், கழுத்தைத் தாழ்த்திக் குடிக்கக் கஷ்டப்படுகிறானே என்று. அவள் மறுநாளே அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, இன்னும் இரண்டு விரல் உயரமான முக்காலியைப் போட்டாள். காலையில் அவர் தேய்த்துவிடுவார், மத்தியானம் அவள் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பாள். நல்ல காரியங்கள்தான், நாங்கள் கிளினிக்கில் சொல்லிக்கொடுப்பதும் இதையெல்லாம்தான். ஆனால் ஒருத்தர் செய்ததை ஒருத்தர் கேட்டுச் செய்யவில்லை. போட்டிக்குச் செய்தார்கள். உனக்கு என்னைவிட அவன்மேல் அக்கறை அதிகமோ என்று, சொல்லாமல் நடந்த சண்டை அது.

குளிர்காலம் வந்தபோது அவனால் படியேற முடியவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவான். யார் இழுத்தாலும் வரமாட்டான், இழுக்கிறவர் முகத்தைப் பார்ப்பான். இருபத்தெட்டு கிலோவை அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஏறுவார். அவருக்கே வயது ஐம்பத்தெட்டு.

ஒருநாள் அக்கா அவனிடம் சொன்னாள், அவர் காதில் விழும்படி: "உனக்கு இப்படி வலிக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு இந்த வீட்ல யாருக்காவது தோணுதா? அவங்கவங்க வேலைதான் அவங்கவங்களுக்குப் பெருசு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் ஒரு வண்டி பிடித்து அவனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு எனக்கு லீவு, கவுண்டரில் வேறொரு பெண். டாக்டரம்மா இடுப்பையும் முழங்காலையும் மடக்கிப் பார்த்து, மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி, வலிக்கு ஓர் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, வயிறு நிறைந்த பிறகு. பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டும். "ஒண்ணுக்கு மேல கூடவே கூடாது. இது நல்ல மருந்துதான், ஆனா அளவு தப்பினா வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிக்காட்டிவிட்டு வந்தாராம்.

அதற்குமேல் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் பிறகு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது.

ஊசி போட்ட மயக்கத்தில் மேனேஜர் வீட்டுக்கு வந்ததும் மெத்தையில் விழுந்து தூங்கிவிட்டான். அண்ணன் சட்டைப்பையில் மாத்திரை அட்டையோடு நின்றார். அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். "மேனேஜர்" என்று ஆரம்பித்தார். அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிற நாயிடம் எப்படிச் சேதி சொல்வது? இவருக்குக் கூச்சமாகிவிட்டதாம். சரி, எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அட்டையை வேலைக்குக் கொண்டுபோகும் கருவிப் பையில் போட்டார். மறுநாள் சொல்லவில்லை. "அக்கறை யாருக்குன்னு அவளே பார்க்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்றார் என்னிடம். காலை ஐந்தரைக்கு, அக்கா குளிக்கப் போனதும், ரொட்டித் துண்டுக்குள் வைத்து ஒரு மாத்திரை. ஒருநாள்கூடத் தவறவில்லை.

அக்கா என்ன கண்டாள்? கூட்டிக்கொண்டு போனார், வெறுங்கையோடு வந்தார். அடுப்படி அலமாரியில் மருந்து இல்லை, மேஜையில் இல்லை. இரண்டு நாள் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நேரே கிளினிக்குக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, அவனுக்கு மருந்து கிருந்து ஒண்ணும் எழுதலையா? வீட்ல ஒரு பொட்டுகூட இல்லையே."

அன்றைக்குக் கூட்டம் தெருவரை நின்றது. ஒரு பூனை பெட்டியிலிருந்து தப்பித்து அலமாரிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பூனைக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார், நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். நடுவில் மேனேஜரின் சிகிச்சை அட்டையை உருவிப் பார்த்தேன். மாத்திரை எழுதியிருந்தது. அட்டையின் பின்பக்கம், மருந்து கொடுத்தாயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை கவுண்டரில் இருந்த பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் திருப்பவில்லை. ஒரு அட்டையைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

"எழுதியிருக்காங்கக்கா. அண்ணன் வாங்காமலே போயிட்டாரா? நல்ல மனுஷன் போங்க" என்று சொல்லி, என் கையாலேயே ஒரு மாத்திரை அட்டை எடுத்துக் கொடுத்தேன். "ஒரு நாளைக்கு ஒண்ணு. சாப்பிட்ட பிறகு."

"அந்த ஆளுகிட்ட நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்றாள் அக்கா. "அவரு செய்யாததை நான் செஞ்சுக்கறேன்."

நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அவித்த முட்டைக்குள் வைத்து இன்னொரு மாத்திரை.

முதல் மூன்று நாள் அந்த வீட்டில் சந்தோஷம். மேனேஜர் யார் துணையும் இல்லாமல் மூன்று மாடி இறங்கி ஏறினான். அண்ணன் படியில் என்னைப் பார்த்து, "எப்படி நம்ம கவனிப்பு?" என்று கண்ணடித்தார். ரப்பர் விரிப்பைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கதவைத் திறந்து, "பார்த்தியா, ஓடறான்" என்று ரகசியமாகச் சொன்னாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே பெருமை. நான் ஒருத்தி, நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் போனேன்.

பிறகு அவன் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தான். அதைப் பார்த்தது அக்கா. முட்டையை மட்டும் தின்றான், மற்றதைத் தொடவில்லை. தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான். மத்தியானம் ஒருமுறை மஞ்சளாக வாந்தி எடுத்தான். அவள் துடைத்துவிட்டு, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டாள். சாயங்காலம் வந்தவருக்கு அது தெரியாது. காலையில் தெருவுக்குக் கூட்டிப்போகிறவர் அண்ணன். அவன் வெளிக்குப் போனது கறுப்பாக, தார் மாதிரி இருந்ததை அவர் பார்த்தார். குப்பையில் எதையோ தின்றிருப்பான் என்று கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அது இவளுக்குத் தெரியாது. வாந்தியையும் கறுப்பையும் ஒரே வாய் சொல்லியிருந்தால், மருந்தை அன்றைக்கே நிறுத்துங்கள் என்று நானே கத்தியிருப்பேன். சேதி சொல்ல வேண்டியவனோ மெத்தையைவிட்டு எழுவதே இல்லை. பெயரைச் சொன்னால் கண்ணை மட்டும் உருட்டினான். வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை நான் வேலைக்கு இறங்கும்போது அவனைப் படியில் பார்த்தேன். அண்ணன் தோளிலிருந்து தலை தொங்கிக்கொண்டிருந்தது. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"என்னண்ணே இப்படி இருக்கான்? சாப்பிடறானா?"

"வயசாச்சுல்ல" என்றார். "புதன்கிழமை ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க. அன்னிக்குக் காட்டறேன்."

"இன்னிக்கே வாங்கண்ணே."

"இன்னிக்கு ஒரு பெரிய வேலை இருக்கும்மா. ஆறு மாடி. புதன்கிழமை கண்டிப்பா."

அப்போதாவது இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். நேரமாகிவிட்டது என்று நான் ஓடினேன்.

புதன்கிழமைவரை அவன் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா என் கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள். மேனேஜர் விழுந்துவிட்டான், வாயில் ரத்தம் வருகிறது. கீழ்வீட்டுக்காரரும் அவளும் சேர்ந்து ஒரு கர்ட்டன் துணியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணனுக்கு யார் சொன்னார்களோ, கை முழுக்கக் கிரீஸோடு ஓடிவந்தார். பதினோரு வருஷத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எப்படி நிற்பது என்று நன்றாகப் பழகிக்கொண்டவர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நடுவில் மேனேஜர். அவன் முன்னங்காலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது.

ரத்தம் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மாவின் முகம் நன்றாக இல்லை. "கிட்னி ரொம்ப மோசமா இருக்கு. வயித்துக்குள்ள ரத்தக் கசிவும் இருக்கு. நான் குடுத்த மாத்திரையை எத்தனை குடுத்தீங்க?"

"ஒண்ணு" என்றார் அண்ணன். "காலையில ஒண்ணே ஒண்ணு டாக்டர். ரொட்டியில வச்சு. நீங்க சொன்ன நாள்லேர்ந்து."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவரிடம் மாத்திரை இருந்திருக்கிறது. நான் அவளிடம் கொடுத்தது இரண்டாவது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "நிச்சயமா ஒண்ணுதானா? அப்படின்னா இது மருந்தால வந்தது இல்லை. கிட்னி தானாவே கைவிட்டிருக்கு, பதிமூணு வயசு. ட்ரிப் போட்டு ரெண்டு நாள் இழுக்கலாம், அதுக்கு மேல அவனுக்கு வேதனைதான். ஒரு ஊசி போட்டு நிரந்தரமா தூங்க வச்சிடறது நல்லதுன்னு நான் சொல்வேன்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் வேலை போய்விடுமே என்று பயந்தேன். அதுதான் உண்மை, மறைத்து என்ன பிரயோஜனம்? அட்டையின் பின்பக்கத்தை நினைத்துக்கொண்டு, ஒரு உயிரின் காலைப் பிடித்தபடி, மரம் மாதிரி நின்றேன்.

அக்காவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் குனிந்து அவன் காதருகில் போனாள். "மேனேஜர்" என்றாள். "டேய். உங்கப்பாகிட்ட சொல்லுடா. நான்... நான் என்ன பண்ணேன்னு சொல்லுடா."

அவன் காது அசையவில்லை.

"டேய் கண்ணு. சொல்லுடா."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். அக்கா நிமிர்ந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"நானும் குடுத்தேங்க."

அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தார். "எங்கிட்டயா சொல்ற?"

"உங்ககிட்டதாங்க. சாயங்காலம் நானும் ஒண்ணு குடுத்தேன். முட்டைக்குள்ள வச்சு. நீங்க வாங்கலேன்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரம்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தூக்கு என்றால் தூக்கறேன் என்று பதில் வராமல் ஒரு சுவிட்சைத் தொடாத மனுஷன்.

"நான்தான் குடுத்தேன் டாக்டர்" என்று அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. "அட்டையைத் திருப்பிப் பார்க்காம குடுத்துட்டேன்."

"அதை அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டரம்மா. குரலே மாறிவிட்டது. "ரெட்டை அளவுன்னா இது வேற கதை. இதுக்கு வைத்தியம் இருக்கு. பிழைப்பான்னு சொல்ல மாட்டேன். ஆனா முயற்சி பண்ணலாம்." வயிற்றுப் புண்ணுக்கு ஊசி, ட்ரிப், இன்னொரு நாயிடமிருந்து ரத்தம் என்று ஓட ஆரம்பித்தோம்.

ஐந்து நாள் இழுபறி. ஆறாம் நாள் மேனேஜர் தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாழ்க்கையில் நான் கேட்காத வார்த்தைகளைக் கேட்க வைத்தார். வேலை போகவில்லை. போயிருந்தாலும் தப்பில்லை.

ஆனால் பிழைத்ததற்கு ஒரு விலை இருந்தது. அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். அந்த மாத்திரையை இனி அவனுக்குக் கனவில்கூடக் கொடுக்கக்கூடாது, அந்த வகை எதுவுமே கூடாது, மிச்சமிருக்கிற கிட்னி தாங்காது. வேறொன்று தருகிறேன், அது பாதி வலியைத்தான் தொடும். ஒத்தடம், தேய்ப்பு, வழுக்காத தரை, எடையைக் குறைப்பது எல்லாம் செய்யுங்கள். அப்படியும் ஒருநாள் வலி அவனை மீறும். "அது எந்த நாள்னு நான் சொல்ல முடியாது. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. ஒருத்தர் மட்டும் வந்து சொன்னா அந்த ஊசியை நான் போட மாட்டேன். ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும்."

படி ஓரத்தில் என் கதவு. ஏழரைக்கு நான் வேலைக்குக் கிளம்புவேன். அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டில் மேனேஜர் எழுந்திருக்கப் பார்ப்பான். முதலில் முனகல். அது முன்பு கேட்ட முனகல் இல்லை, மருந்து எட்டாத முனகல். பிறகு அண்ணன் குரல்.

"இன்னிக்கா?"

அதற்கு அக்கா குரல். "இன்னிக்கு வேணாங்க. முட்டை சாப்பிட்டான்."

மறுநாள் அவள் கேட்பாள், அவர் பதில் சொல்வார். "வேணாம். வாசல் வரைக்கும் தானா வந்தான்ல." இன்னொரு நாள், "வேணாங்க, வாலை ஆட்டினான்." பதினோரு வருஷத்துக்குப் பிறகு பேச்சு வந்தது. வந்த பேச்சு தினமும் இதுவாகத்தான் இருந்தது. அவனை இன்று கொல்லலாமா, நாளைக்கா என்று. பால் வாங்கணும், சட்டையில் பட்டன் போயிடுச்சு என்று மற்றவையும் மெல்ல ஒட்டிக்கொண்டன. சண்டையும் வந்தது. "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இவன் நடந்துட்டிருப்பான்" என்று அவர் ஒருநாள் கத்தினார். "நீங்க சொல்லியிருந்தாலும்தான்" என்று அவள் திருப்பிக் கத்தினாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நல்லாக் கத்துங்கள், கத்தித் தொலையுங்கள் என்று இருந்தது.

இப்படி ஆறு வாரம். அவர் வேலைக்குப் போகும் முன் தேய்த்துவிட்டு, "வலது இடுப்பைத் தேய்ச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். அவள், "இடதுக்கு ஒத்தடம் குடுக்கறேன்" என்பாள். அவன் எடை இருபத்திரண்டு கிலோவுக்கு இறங்கிவிட்டது. அக்கா இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து ஒரு தூளி தைத்தாள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து, ஒவ்வொரு படியாக, "திரும்பறேன்", "திரும்பு", "மெல்ல" என்று சொல்லிக்கொண்டு தினம் இரண்டு தடவை அவனைத் தெருவுக்கு இறக்கி ஏற்றினார்கள்.

போன வியாழக்கிழமை மழை. ஏழரைக்குக் கதவைப் பூட்டினேன். முனகல் கேட்கவில்லை. அவர்கள் கதவு ஒருக்களித்திருந்தது. மேனேஜர் மெத்தையில் கிடந்தான், எழுந்திருக்கப் பார்க்கவே இல்லை. அவன் உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. முட்டை கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

"இன்னிக்கா?" என்றார் அண்ணன்.

அக்கா முட்டைக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் குடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நேத்தே சொல்லியிருக்கணுங்க" என்றாள் அவள். "நேத்து சாயங்காலமே தெரிஞ்சுது. எனக்கு வாய் வரலை."

"எனக்கும் தெரிஞ்சுது."

"நீங்களும் சொல்லலை."

"இல்ல. சொல்லலை."

மேனேஜர் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பி, "இன்னிக்குங்க" என்றாள்.

"சரி" என்றார். "நீ முன்னாடி பிடி. பாரம் பின்னாடிதான், நான் பிடிச்சுக்கறேன்."

தூளியை விரித்தார்கள். நான் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன். டாக்டரம்மா வருவதற்குள் கிளினிக் கதவைத் திறந்து, மேஜையைத் துடைத்து, அவர்கள் கையெழுத்துப் போடவேண்டிய தாளையும் எடுத்து வைக்கவேண்டும். குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் அவர்களுக்கு முன்னால் படியிறங்கி, மழையில் ஓடினேன். அழுதுகொண்டே ஓடினேன். யார் பார்த்தால் எனக்கென்ன.